'உலக முடிவு மீனும்' சுனாமியும்: மிருகங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் ஒதுக்கி வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசியுங்கள். இது அவர்களுக்காகவே எழுதியது.

2025 மே மாதக் கடைசியில் தமிழ்நாட்டு மீனவர்களின் வலையில் ஒரு விசித்திரமான மீன் அகப்பட்டது. நாடா போலத் தட்டையான வெள்ளி உடம்பு, தலையில் சிவப்புக் கொண்டை, நீளம் ஏறக்குறைய 30 அடி என்று செய்திகள் சொல்லின. ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று தூக்கிப் பிடித்த படம் ஒவ்வொரு கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு 'டூம்ஸ்டே ஃபிஷ்', அதாவது உலக முடிவு மீன் என்று பெயரும் வைத்தார்கள். இது கரைக்கு வந்தால் பின்னாலேயே பூகம்பமும் சுனாமியும் வரும் என்பதுதான் அந்தச் செய்தியின் சாரம்.

மற்ற ஊர்களுக்கு இது ஒரு வேடிக்கைச் செய்தி. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை இருக்கும் நமக்கு அப்படியல்ல. சுனாமி என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் ஞாபகம் வரும். அதனால் அந்த மீனின் கதையை ஒழுங்காக விசாரிக்க வேண்டியது நமது கடமை.

அந்த மீனின் பெயர் ஓர்ஃபிஷ். கடலில் நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில் வாழ்வது. நோயுற்றோ, காயப்பட்டோ, நீரோட்டத்தில் அகப்பட்டோதான் பெரும்பாலும் மேலே வருகிறது. ஜப்பானியர்கள் அதைக் கடல் தேவனின் மாளிகையிலிருந்து வரும் தூதன் என்று அழைப்பார்கள். பூகம்பத்துக்கு முன் அது கரை ஒதுங்கும் என்பது அங்குள்ள பழைய நம்பிக்கை. ஜப்பானிய ஆய்வாளர்களே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1928 முதல் 2011 வரை ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட 336 பதிவுகளை எடுத்து, அதே காலத்தில் நடந்த 221 பூகம்பங்களோடு ஒப்பிட்டார்கள். பொருந்தி வந்தது ஒன்றே ஒன்றுதான். 2019இல் இந்த முடிவு வெளியானது. மீன் பாவம், அதற்கும் பூகம்பத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் கேள்வி மீனோடு முடிவதில்லை. 2004க்குப் பிறகு நமது கரையில் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "மிருகங்களுக்கெல்லாம் முன்பே தெரிந்துவிட்டது, மனிசனுக்குத்தான் தெரியவில்லை." காகங்கள் அன்று காலையில் ஊருக்குள் இல்லை என்பார்கள். மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு வயல் பக்கம் ஓடியதாகச் சொல்வார்கள். நாய் குரைத்த விதமே வேறு என்பார்கள். இது உண்மையா?

*

இந்தப் பேச்சு நமது ஊரில் தொடங்கியதல்ல. கிறிஸ்துவுக்கு முன் 373இல் கிரேக்க நாட்டில் ஹெலிக்கே என்ற நகரம் ஒரே இரவில் பூகம்பத்தாலும் கடலாலும் அழிந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பே எலிகளும் பாம்புகளும் பூரான்களும் கூட்டமாக நகரை விட்டு வெளியேறின என்று பல நூறு வருடம் கழித்து ஏலியன் என்ற உரோம எழுத்தாளர் எழுதி வைத்தார்.

நமது காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது சீனாவின் ஹைச்செங் நகரம். 1975 பெப்ரவரி, கடும் குளிர்காலம். மண்ணுக்குள் உறங்க வேண்டிய பாம்புகள் வெளியே வந்து பனியில் உறைந்து கிடந்தன. எலிகள் பயமில்லாமல் வீட்டுக்குள் திரிந்தன. பெப்ரவரி 4ஆம் திகதி மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். அன்று மாலையே 7.3 அளவில் பூகம்பம் வந்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். வெளியேற்றாமல் இருந்திருந்தால் அந்தத் தொகை பல மடங்காகியிருக்கும்.

உலகமே பாம்புகளைப் புகழ்ந்தது. பிறகு ஆவணங்களை ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அந்த முடிவுக்கு முக்கிய காரணம் பாம்புகளல்ல. பெரிய அதிர்வுக்கு முன் நூற்றுக்கணக்கான சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்திருந்தன. அதைப் பார்த்துத்தான் மக்களை வெளியேற்றினார்கள்.

அடுத்த வருடமே சோதனை வந்தது. 1976 ஜூலை 28 அதிகாலை, அதே சீனாவின் டாங்ஷான் நகரம். வெளியேறச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை. அரசாங்கக் கணக்கின்படியே சுமார் 2,42,000 பேர் இறந்தார்கள். மிருகங்களை மட்டும் நம்பி ஒரு நகரத்தைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

அதற்காக மிருகங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. 2009 ஏப்ரலில் இத்தாலியின் லாக்குயிலா நகரில் பூகம்பம் வந்தது. அங்கிருந்து 74 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு குளத்தில் தேரைகளின் இனப்பெருக்கத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். பூகம்பத்துக்கு ஐந்து நாள் முன்பு ஆண் தேரைகளில் நூற்றுக்கு 96 குளத்தை விட்டுப் போய்விட்டன. இனப்பெருக்கக் காலத்தில் தேரைகள் இப்படிச் செய்வது வழக்கமில்லை. காரணம் என்னவென்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

2018இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் 160 பூகம்பங்கள் தொடர்பாக எழுதப்பட்ட 729 மிருகக் கதைகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். பெரும்பாலானவை பூகம்பம் முடிந்த பிறகு ஞாபகப்படுத்திச் சொன்னவை, ஒரே ஒரு தடவை கண்டவை. நாய் தினமும்தான் குரைக்கிறது. எதுவும் நடக்காத நாளில் அது குரைத்ததை யாரும் குறித்து வைப்பதில்லை. பேரிடர் நடந்த நாளின் குரைப்பு மட்டும் ஆயுள் முழுக்க ஞாபகத்தில் நிற்கும். பொய் சொல்வது வேறு, இது வேறு. துக்கத்தில் மனிதன் காரணம் தேடுவான், அவ்வளவுதான்.

*

இனி நமது நாட்டு யானைகளுக்கு வருவோம். யால தேசிய வனத்துக்குள்ளும் அன்று கடல் புகுந்தது. சுற்றுலாப் பயணிகள் பலர் இறந்தார்கள். ஆனால் செத்த யானையைக் காணவில்லை, ஒரு முயல்கூடச் சாகவில்லை என்று அதிகாரிகள் சொன்ன செய்தி ஒரு வாரத்துக்குள் உலகம் முழுக்கப் பரவியது. மிருகங்களுக்கு ஆறாவது அறிவு உண்டு என்ற கதைக்கு இலங்கைதான் ஆதாரமாகக் காட்டப்பட்டது.

யானையின் புலன்கள் நம்முடையதைவிடக் கூர்மையானவை என்பதில் சந்தேகமில்லை. நமது காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பதை 1980களில் கேட்டி பெயின் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். அந்த ஒலியின் அதிர்வு நிலத்தினூடாகவும் போகும், யானை அதைப் பாதத்தால் உணரும் என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே நிலம் அதிர்ந்ததை அவை அறிந்திருக்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை.

ஆனால் அறிந்து ஓடினவா? அதிர்ஷ்டவசமாக அந்த நேரத்தில் நாட்டின் தெற்கே இரண்டு யானைகளின் கழுத்தில் செய்மதிப் பட்டி கட்டப்பட்டிருந்தது. அவை எந்த நேரத்தில் எங்கே நின்றன என்ற பதிவு இருந்தது. இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து அதை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அலை வருமுன் அந்த யானைகள் அவசரமாக உள்நாட்டுக்கு ஓடியதற்குத் தடயமில்லை.

அப்படியானால் எப்படித் தப்பின? விடை மிகச் சாதாரணமானது. காலை எட்டரை, ஒன்பது மணிக்கு யானைக்குக் கடற்கரையில் வேலையில்லை. அதோடு, யாலக் கரையின் பெரும்பகுதியில் உயரமான மணல் மேடுகள் இருக்கின்றன. அலை அவற்றில் மோதி நின்றது. மேடு தாழ்ந்திருந்த இடங்களாலும் வெட்டுகளாலும்தான் உள்ளே புகுந்தது. கடல் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னாலிருந்த மணல் மேட்டைக் குறைத்துவிட்ட ஒரு விடுதி முற்றாக அழிந்துபோனதைச் சுனாமிக்குப் பின் வந்த சர்வதேச ஆய்வுக் குழு எழுதி வைத்திருக்கிறது. அந்த மிருகங்களைக் காத்தது மந்திரமல்ல. மணலும் தூரமும்தான்.

நமது ஊர்களில் அந்த இரண்டுமே இருக்கவில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒரு துண்டு நிலம். அதில் தோளோடு தோள் உரச வீடுகள், கடற்கரை மணல் வரைக்கும் வீடுகள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று எல்லா ஊரும் இப்படித்தான். நாட்டில் 30,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 10,000க்கு மேல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும். எந்த மாவட்டத்திலும் இவ்வளவு இழப்பு இல்லை. அல்லாஹ் அவர்கள் அனைவரையும் பொருந்திக்கொள்வானாக.

*

இங்கே நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவின் மேற்கே கடலுக்கடியில் 9.1 அளவில் பூமி பிளந்தது. நமக்கும் அந்த இடத்துக்கும் ஏறக்குறைய 1,600 கிலோமீற்றர். பூகம்ப அதிர்வு நிலத்தினூடாக அந்தத் தூரத்தைக் கடக்க நான்கு நிமிடம் போதும். கண்டிப் பக்கம் பல்லேகலையில் இருந்த நிலநடுக்கமானி அதைப் பதிந்துகொண்டது. ஆனால் அதைப் பார்த்து நமக்கு எச்சரிக்கை தருவதற்கு ஓர் ஏற்பாடு அன்று நாட்டில் இல்லை. ஹவாயில் இருந்த பசிபிக் நிலையம் கால் மணி நேரத்தில் அறிவித்தல் விடுத்தது, பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்று. இந்து சமுத்திரத்துக்கு அப்படியொரு எச்சரிக்கை அமைப்பே இருக்கவில்லை.

தண்ணீர் நமது கரைக்கு வந்து சேர்ந்தது எட்டரை மணியைத் தாண்டி. நிலம் சொன்ன செய்திக்கும் கடல் வந்ததற்கும் இடையில் ஒன்றரை மணி நேரம் இருந்தது. கடற்கரையிலிருந்து பிரதான வீதியைத் தாண்டி வயல் வெளிக்கு நடந்து போக அரை மணி நேரம் போதும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். மிருகங்களுக்குத் தெரிந்ததா என்பதை விட, அந்த ஒன்றரை மணி நேரம் ஏன் வீணாகப் போனது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இத்தனைக்கும் கடல் ஊருக்குள் வரும் என்பது இந்த நாட்டுக்குப் புதிய செய்தியல்ல. தமிழில் கடல்கோள் என்ற சொல் ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. களனி அரசன் காலத்தில் கடல் பொங்கி நாட்டை விழுங்கியதையும் விகாரமகாதேவியைக் கடலில் விட்டதையும் மகாவம்சம் சொல்கிறது. இதெல்லாம் பரீட்சைக்காகப் படித்த விடயங்கள். கடல்கோள் எப்படித் தொடங்கும், கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பாடங்களில் ஒரு வரியும் இருக்கவில்லை.

இன்னொன்று நமது மாவட்டத்திலேயே நடந்தது. 1883 ஓகஸ்ட் 27இல் இந்தோனேசியாவில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தது. அன்று இலங்கைக் கரையிலும் கடல் உள்வாங்கித் திரும்பி வந்தது. அறுகம்பை, பாணமைப் பக்கம் மணல் திட்டைக் கடந்துகொண்டிருந்த பெண்களை அலை அடித்துச் சென்றதாகவும் அவர்களில் ஒருவர் இறந்ததாகவும் பதிவு இருக்கிறது. அந்த எரிமலை வெடிப்பில் இறந்த 36,000க்கு மேற்பட்டவர்களில் மிகத் தொலைவில் இறந்தவர் அந்தப் பெண்ணாக இருக்கலாம் என்கிறார்கள். நமது கரைக்கு அது ஒரு முன்னறிவித்தல். 121 வருடத்தில் அந்தக் கதை இங்கே யார் வாயிலும் இல்லாமல் போனது. 78ஆம் ஆண்டுச் சூறாவளியை இன்றும் பெரியவர்கள் மணிக்கணக்காகச் சொல்வார்கள். கடலைப் பற்றி அப்படியொரு கதை சொல்ல ஆளிருக்கவில்லை.

*

கதை மறக்கப்படாத இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

பூகம்பம் நடந்த இடத்துக்கு மிக அருகில் சிமெலு என்ற இந்தோனேசியத் தீவு இருக்கிறது. நம்மைப் போல முஸ்லிம்கள், நம்மைப் போலக் கடலை நம்பி வாழ்பவர்கள். 1907இல் அங்கே ஒரு சுனாமி வந்து மக்களில் பெரும் பகுதியைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், ஸ்மோங் வரும், மலைக்கு ஓடு. இதைத் தாலாட்டாகப் பாடினார்கள், இரவில் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள். 97 வருடம் இப்படியே போனது. 2004இல் அவர்களுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைத்த ஒன்றரை மணி நேரமல்ல, பத்து நிமிடம் அளவுதான். தீவின் மக்கள் தொகை ஏறக்குறைய 78,000. இறந்தவர்கள் 7 பேர்.

தாய்லாந்தின் சூரின் தீவுகளில் மோக்கன் என்ற கடலோடிகள் இருக்கிறார்கள். மனிதரைத் தின்னும் அலை ஒன்று வரும் என்று அவர்களுக்கும் ஒரு பழங்கதை உண்டு, 'லபூன்' என்று பெயர். அன்று காலை சில்வண்டுகளின் சத்தம் திடீரென நின்றது, கடலும் ஒரு மாதிரியாக இருந்தது என்று அவர்களில் ஒரு முதியவர் பின்னர் சொன்னார். அவர் ஊரை எழுப்பி மேட்டுக்கு அனுப்பினார். குடிசைகள் எல்லாம் போயின. மக்கள் பிழைத்தார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சில்வண்டு நின்றது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த முதியவரிடம் லபூன் கதை இல்லாதிருந்தால் அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும்? நமது ஊரில் காகம் பறந்தது உண்மையென்றாலும் அதைப் பார்த்தவருக்கு அது வெறும் காகம்தான். மிருகம் காட்டும் அடையாளம் ஒரு எழுத்து மாதிரி. வாசிக்கப் பழக்கியிருந்தால்தான் அது எச்சரிக்கையாகும்.

மூன்றாவது உதாரணம் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு மறக்க முடியாதது. தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி. இரண்டு வாரத்துக்கு முன்புதான் பாடசாலையில் அன்ட்ரூ கேர்னி என்ற புவியியல் ஆசிரியர் சுனாமியைப் பற்றிப் பாடம் நடத்தியிருந்தார். கடல் நுரைத்து ஒரு மாதிரியாக வருவதைக் கண்டதும் பிள்ளைக்கு அந்தப் பாடம் ஞாபகம் வந்தது. சத்தம் போட்டுத் தாய் தகப்பனை நம்ப வைத்தது. அந்தக் கடற்கரையில் இருந்த நூறு பேரளவில் பிழைத்தார்கள். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம்தான். அதன் பெறுமதி இவ்வளவு.

ஜப்பானில் 1854இல் ஹமாகுச்சி கொரியோ என்பவர் இருட்டில் வழி தெரியாமல் தவித்த தனது ஊராருக்கு மேட்டுப் பாதையைக் காட்ட, அறுவடை செய்து வைத்த நெற்சூட்டுக்கே நெருப்பு வைத்தார். நெல்லின் அருமை தெரிந்த நமது பகுதிக்கு அந்தத் தியாகம் நன்றாகப் புரியும். அந்தக் கதையைப் பாடப் புத்தகத்தில் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள். இன்று நவம்பர் 5ஆம் திகதியை ஐக்கிய நாடுகள் சபை உலக சுனாமி விழிப்புணர்வு தினமாக அனுஷ்டிப்பது அந்தச் சம்பவத்தின் ஞாபகமாகத்தான்.

திருக்குர்ஆனில் எறும்பின் பெயரில் ஒரு சூரா இருப்பது நமக்குத் தெரியும். சுலைமான் நபியின் படை வருவதைக் கண்ட எறும்பு தான் மட்டும் ஒளிந்துகொள்ளவில்லை. மற்ற எறும்புகளுக்கும் சொன்னது. ஆபத்தை அறிவது ஒன்று, அதை மற்றவருக்குச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதுதான் உயிரைக் காக்கிறது.

*

இப்போது நமது வீட்டுக்கு வருவோம். 2004இல் நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். இன்று எங்கள் முன்னால் சாதாரண தரத்துக்கு இருக்கும் பிள்ளைகள் சுனாமிக்கு ஐந்தாறு வருடம் கழித்துப் பிறந்தவர்கள். அவர்களுக்கு அது ஒரு நினைவுத் தூபி, டிசம்பரில் ஒரு கத்தமுல் குர்ஆன், அவ்வளவுதான். 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூகம்பம் வந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரமே எழுந்து ஓடியது. அலை வரவில்லை. அன்று ஓடியது நமது ஞாபகம்தான். அந்த ஞாபகம் உள்ளவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். 121 வருடத்தில் ஒரு கதை எப்படி மறைந்தது என்று யோசித்தால், அது தொடங்குவது இப்படித்தான்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

1. கடல் திடீரென வற்றினால் மீன் பொறுக்கவோ வேடிக்கை பார்க்கவோ போகக்கூடாது. உடனே கடலுக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும்.

2. கடல் கட்டாயம் வற்றித்தான் வரும் என்றும் இல்லை. சில கரைகளில் முதலில் தண்ணீர் பொங்கித்தான் வரும், பிறகுதான் வற்றும். கடல் வழமைக்கு மாறாக நடந்தாலே போதும், காரணம் தேட நிற்க வேண்டாம்.

3. முதல் அலை கடைசி அலையல்ல. அலைகள் மணிக்கணக்காக வரும். சாமான் எடுக்கவென்று திரும்பிப் போகக்கூடாது.

4. தூர இடத்தில் நடக்கும் பூகம்பம் நமக்கு உணராமலே போகலாம். உத்தியோகபூர்வ அறிவித்தலையும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியையும் நம்புங்கள். யாரோ அனுப்பிய மீன் படத்தை நம்பி மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். பொய் எச்சரிக்கை பத்துத் தடவை வந்தால் உண்மையான பதினோராவதை யாரும் கேட்கமாட்டார்கள்.

5. உங்கள் வீட்டிலிருந்து எந்தப் பாதையால் மேற்கே போவது, பக்கத்தில் உறுதியான மாடிக் கட்டடம் எது, ஏலாத மூத்தம்மாவை யார் தூக்குவது என்பதை இன்றே பேசி வையுங்கள்.

6. கரையில் மிஞ்சியிருக்கும் மணல் மேட்டையும் தாழை, இராவணன் மீசை போன்ற செடிகளையும் அழிக்க விடாதீர்கள்.

காகம் பறந்ததா, நாய் குரைத்ததா என்று தர்க்கித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அவற்றின் அறிவு அவற்றுக்கு. நமக்கு அல்லாஹ் தந்தது நாக்கு. அன்று நீங்கள் கண்டதை, கடல் எந்தப் பக்கத்தால் வந்தது, தண்ணீர் எந்த ஒழுங்கை வரை ஏறியது, எப்படித் தப்பினீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். எழுத ஏலாதவர்கள் இன்றிரவே பேரப்பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதையெல்லாம் சேர்த்து மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட நாங்கள் ஆயத்தம், இன்ஷா அல்லாஹ்.